பதினைந்துக்கு எத்தனை?

செவிலியர் செய்யும் நரம்பியல் மதிப்பீடு என்பது, நோயாளியின் மூளையும் தண்டுவடமும் நரம்புகளும் அந்த வேளையில் எப்படி வேலை செய்கின்றன என்பதைக் கண்ணாலும் காதாலும் கையாலும் சோதித்து எழுதி வைப்பது. இதற்கு வேண்டியவை ஒரு பென் டார்ச், ஒரு கைக்கடிகாரம், பி.பி. கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி, ஒரு சார்ட். பழகிய கைக்குச் சில நிமிடங்கள் போதும். ஆனால் ஒரு தடவை பார்த்தால் போதாது. அரை மணிக்கு ஒரு முறை, மணிக்கு ஒரு முறை என்று இரவும் பகலும் திரும்பத் திரும்பச் செய்தால்தான் பயன். சி.டி. ஸ்கேன், படம் எடுத்த அந்த நேரத்து மூளையைக் காட்டும். படம் எடுத்த பிறகு உள்ளே என்ன நடந்தது என்பதைச் சொல்வது செவிலியர் கையிலுள்ள சார்ட்.

மதுரையில் இந்தச் சோதனைக்கு வேலை அதிகம். வைகையின் வடகரையில், பனகல் சாலையில் இருக்கும் அரசு இராசாசி மருத்துவமனையைச் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் ‘பெரியாஸ்பத்திரி’ என்றே சொல்வார்கள். 1954இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது அது. தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்தும் நோயாளிகள் இங்கே அனுப்பப்படுகிறார்கள். மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் வழியாக ஓடும் நான்குவழிச் சாலைகளில் ஹெல்மெட்டை வண்டியில் மாட்டிக்கொண்டு போய் விழுகிறவர்கள், தென்னை மரத்திலிருந்து தவறியவர்கள், தை மாதம் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசல்களில் மாடு தூக்கிப் போட்டவர்கள் என்று தலைக்காயத்துக்குப் பல வழிகள். காலையில் எழும்போது ஒரு கை விளங்காமல் போன பெரியவரும், வயலோர வீட்டில் தரையில் படுத்திருந்தபோது கட்டுவிரியன் கடித்த பெண்ணும் அதே வாசல் வழியாகத்தான் வருகிறார்கள். நோய் எதுவானாலும் செவிலியர் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: நினைவு இருக்கிறதா, எந்த அளவுக்கு இருக்கிறது?

தமிழ்நாடு அரசின் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தில், உள்ளே வருகிறவர்களை அவசரத்துக்கு ஏற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரித்து அனுப்புகிறார்கள். ‘தாய்’ திட்டம் என்பது அதன் பேச்சுவழக்குப் பெயர். யாருக்குச் சிவப்பு என்று முடிவு செய்வதில் நினைவின் நிலைக்கும் பங்கு உண்டு. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. அந்த 48 மணி நேரம் நரம்பியல் மதிப்பீட்டுக்கும் மிக முக்கியமான காலம்.

விரியாத பெட்டி

அடிபட்டவரை ஏன் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்? வளர்ந்தவரின் மண்டையோடு விரிந்துகொடுக்காத எலும்புப் பெட்டி. அதற்குள் ஏறக்குறைய 80 சதவீதம் மூளை. மீதியில் ரத்தம் பாதி, மூளையைச் சுற்றியுள்ள திரவம் பாதி. இதில் ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்தாக வேண்டும். ஸ்காட்லாந்து மருத்துவர்களான அலெக்சாண்டர் மன்றோ 1783இலும் ஜார்ஜ் கெல்லி 1824இலும் எடுத்துச் சொன்ன இந்தக் கணக்கு, இன்றும் அவர்கள் பெயரிலேயே வழங்குகிறது.

உள்ளே ரத்தம் கசியத் தொடங்கினால், முதலில் திரவம் தண்டுவடப் பக்கம் இறங்கி இடம் விடும். சிரைகளிலுள்ள ரத்தமும் வெளியேறி இடம் விடும். அதுவரை நோயாளி எழுந்து உட்கார்ந்து பேசுவார், பசிக்கிறது என்பார். விட்டுக்கொடுக்க இடமில்லாமல் போனபின், ஒரு ஸ்பூன் ரத்தம் கூடுதலாகச் சேர்ந்தாலும் அழுத்தம் கிடுகிடுவென ஏறும். மண்டைக்குள் இயல்பான அழுத்தம் 7 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம். 22ஐத் தாண்டினால் குறைக்கச் சிகிச்சை வேண்டும். மண்டையோட்டுக்கும் மூளையின் வெளியுறைக்கும் நடுவே ரத்தம் கட்டும்போது, இப்படி நன்றாக இருந்து பிறகு சரிவது தெளிவாகத் தெரியும். “நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாரு, திடீர்னு மயங்கிட்டாரு” என்று வீட்டார் சொல்வது பெரும்பாலும் இந்த நிலையைத்தான். உண்மையில் அது திடீரென்று வருவதில்லை. நினைவு முதலில் மங்கும். கண்பாவையும் நாடித்துடிப்பும் மாறுவது பிறகுதான். மங்கத் தொடங்கும்போதே பிடித்துவிட்டால் அறுவைச் சிகிச்சைக்கு நேரம் கிடைக்கும்.

கிளாஸ்கோவில் பிறந்த கணக்கு

‘அரை மயக்கம்’, ‘ஆழ்ந்த மயக்கம்’, ‘லேசா நினைவு இருக்கு’ போன்ற சொற்களில் ஒரு சிக்கல் உண்டு: ஒருவரின் அரை மயக்கம் இன்னொருவருக்கு முழு மயக்கம். ஷிப்ட் மாறும்போது நோயாளியின் நிலை மாறியதா, எழுதியவர் மாறியதால் சொல் மாறியதா என்று தெரியாது. இதற்குத் தீர்வாக கிளாஸ்கோ நகரின் நரம்பியல் அறுவை மருத்துவர்கள் கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னட்டும் 1974இல் ‘லான்செட்’ இதழில் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். மயக்கத்துக்குப் பெயர் சூட்டுவதை விட்டுவிட்டு, கண் எப்போது திறக்கிறது, வாய் என்ன சொல்கிறது, கை கால் என்ன செய்கிறது என்று கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதச் சொன்னார்கள். இளம் மருத்துவரும் செவிலியரும் ஒரே மாதிரி எழுத வேண்டும் என்பது அதன் நோக்கம். இதுதான் கிளாஸ்கோ கோமா அளவுகோல். வார்டு வழக்கில் ஜி.சி.எஸ்.

கண்ணுக்கு 4 மதிப்பெண். கட்டிலருகே போகும்போதே தானாகத் திறந்திருந்தால் 4, கூப்பிட்டால் திறந்தால் 3, வலி கொடுத்தால் திறந்தால் 2, எதற்கும் திறக்காவிட்டால் 1. பேச்சுக்கு 5. பெயர், இடம், காலம் சரியாகச் சொன்னால் 5, குழப்பமாகப் பேசினால் 4, தொடர்பில்லாத ஓரிரு சொற்கள் 3, முனகல் 2, ஒன்றுமில்லை என்றால் 1. அசைவுக்கு 6. சொன்னதைச் செய்தால் 6, வலிக்கும் இடத்துக்குக் கையைக் கொண்டுவந்து தட்டிவிட்டால் 5, கையை வெடுக்கென இழுத்துக்கொண்டால் 4, கை விறைத்து மடங்கினால் 3, விறைத்து நீண்டால் 2, அசைவே இல்லை என்றால் 1. மொத்தம் 15. எதற்குமே அசைவில்லாதவருக்கும் 3 உண்டு, சுழியம் கிடையாது. 13 முதல் 15 வரை லேசான தலைக்காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 8ம் அதற்குக் கீழும் கடுமையானது. 8க்கு வந்தவர் தன் மூச்சுப் பாதையைத் தானே காத்துக்கொள்ள முடியாமல் போகலாம் என்பதால், குழாய் போட வேண்டுமா என்று மருத்துவர் பார்ப்பார்.

கூட்டுத்தொகையை மட்டும் எழுதினால் பாதிச் செய்தி போய்விடும். ‘ஜி.சி.எஸ். 10’ என்பது பல விதங்களில் வரலாம். அதனால் கண்ணுக்கு ஈ, பேச்சுக்கு வி, அசைவுக்கு எம் என்று வைத்து ‘ஈ3, வி3, எம்4’ என்று பிரித்து எழுதுவதும், தொலைபேசியில் மருத்துவரிடம் சொல்லும்போதும் அப்படியே சொல்வதும் நல்ல வழக்கம். மூன்றில் எம், அதாவது அசைவு, எடை கூடியது. அது குறைவதை யாரும் அலட்சியம் செய்யக் கூடாது.

கேள்வி கேட்பதில் ஊர் அறிவு வேண்டும். “அய்யா, கண்ணத் தொறங்க. ஒங்க பேரென்ன?” என்று செவிலியர் ஆரம்பிப்பார். “இப்ப எங்க இருக்கீங்க?” என்றால் “பெரியாஸ்பத்திரி” என்ற பதிலே சரியான பதில்தான், மருத்துவமனையின் முழுப்பெயர் வேண்டியதில்லை. “இது என்ன மாசம்?” என்றால் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர் “மாசி” என்பார். பிப்ரவரி என்று சொல்லவில்லையே என்று ஒரு மதிப்பெண் குறைத்தால், குழப்பம் நோயாளியிடம் இல்லை. மதுரையில் சௌராஷ்டிரம் பேசும் பாட்டிக்கு மயக்கத்தில் தாய்மொழிதான் முதலில் வாயில் வரும். கட்டட வேலைக்கு வந்த வடமாநில இளைஞருக்குத் தமிழே தெரியாது. மொழி தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு கேட்காமல் 3 என்றோ 4 என்றோ போட முடியாது. காது மந்தமா, வழக்கமாக மறதி உண்டா என்பதையும் வீட்டாரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சொன்னதைச் செய்கிறாரா என்று பார்க்க, “கையப் பிடிங்க” என்பது மட்டும் போதாது. மூளை பாதித்தவரின் உள்ளங்கையில் எதை வைத்தாலும் விரல்கள் தாமாகவே மூடிக்கொள்ளலாம். பிடித்த கையை “விடுங்க” என்றதும் விடுகிறாரா என்றும் பார்க்க வேண்டும். அல்லது “நாக்க நீட்டுங்க”, “ரெண்டு வெரலக் காட்டுங்க” என்று கேட்கலாம்.

கூப்பிட்டும் விழிக்காதவருக்குத்தான் வலி. விரல் நகத்தின் நுனியில் பேனாவை வைத்து மெல்ல மெல்ல அழுத்தம் கூட்டி, பத்து விநாடி வரை பார்ப்பார்கள். அடுத்து கழுத்தும் தோளும் சேரும் இடத்துத் தசையைக் கிள்ளுவார்கள், அல்லது புருவ எலும்பிலுள்ள சிறு பள்ளத்தில் அழுத்துவார்கள். நெஞ்செலும்பில் முட்டியை வைத்துத் தேய்க்கும் பழைய பழக்கம் தோலைக் காயப்படுத்தும் என்பதால் இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை. கூட இருப்பவர்கள் இதைப் பார்த்துப் பதறுவது இயல்பு. எதற்காகச் செய்கிறோம் என்பதை முன்கூட்டியே ஒரு வரி சொல்லிவிட்டால் சண்டை வராது.

சோதிக்க முடியாததை 1 என்று எழுதுவது தவறு. இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தால், தொண்டையில் குழாய் இருந்தால், ‘சோதிக்க இயலவில்லை’ என்றே குறிக்க வேண்டும். பேசப் பழகாத குழந்தைகளுக்குப் பேச்சு வரிசை வேறு: சிரிக்கிறதா, தாய் தூக்கினால் அழுகை அடங்குகிறதா, முனகல்தானா என்று பார்ப்பார்கள். கைக்குழந்தையின் உச்சிக்குழி அழாமல் இருக்கும்போதும் புடைத்திருந்தால் அதுவும் அழுத்தத்தின் அடையாளம்.

டார்ச் வெளிச்சத்தில் கண்பாவை

அடுத்தது கண். வார்டு விளக்கு கண்ணில் நேராக விழாதபடி பார்த்துக்கொண்டு, பென் டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்து பாவையில் அடிப்பார்கள். பாவை சட்டென்று சுருங்க வேண்டும். வெளிச்சம் படாத மறுகண்ணும் கூடவே சுருங்க வேண்டும். இயல்பான அளவு சுமார் 2 முதல் 5 மில்லிமீட்டர். சார்ட்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் கரும்புள்ளிகளோடு ஒப்பிட்டு அளவை எழுதுவது வழக்கம்.

மூளை ஒரு பக்கம் வீங்கி நடுப்பக்கம் தள்ளப்படும்போது, பாவையைச் சுருக்கும் மூன்றாம் மூளை நரம்பு நசுங்கும். அந்தப் பக்கத்துப் பாவை முதலில் மந்தமாகும், பிறகு விரியும், கடைசியில் வெளிச்சத்துக்கு அசையாது. நினைவு குறையும் நோயாளிக்கு ஒரு பாவை பெரிதாவது உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டிய அறிகுறி. டீஸ்டேலும் அவருடன் பணியாற்றியவர்களும் 2018இல் பாவையையும் கணக்கில் சேர்த்தார்கள்: வெளிச்சத்துக்குச் சுருங்காத ஒவ்வொரு பாவைக்கும் ஜி.சி.எஸ்.ஸிலிருந்து ஒன்று கழிக்க வேண்டும். அப்போது அளவுகோல் 1 முதல் 15 வரை நீளும்.

மதுரைக்கு இதில் தனி எச்சரிக்கை ஒன்று உண்டு. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் இது. கண்புரை அறுவை செய்துகொண்ட முதியவர்கள் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. அறுவை செய்த கண்ணின் பாவை சிலருக்கு வட்டம் கெட்டிருக்கும், வெளிச்சத்துக்கு மெதுவாக அசையும். பாவையை விரிக்கும் சொட்டு மருந்து போட்டு வந்தவருக்கோ மணிக்கணக்கில் விரிந்தே இருக்கும். “கண்ணுல ஆபரேஷன் பண்ணியிருக்கா? சொட்டு மருந்து போட்டீங்களா?” என்று கேட்டு அதைச் சார்ட்டின் தலைப்பிலேயே எழுதிவிட்டால், இரவு ஷிப்டில் வருகிறவர் பதற வேண்டியதில்லை.

கையும் காலும்

நான்கு கை கால்களையும் தனித்தனியாக, வலப்பக்கம் இடப்பக்கம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தசைபலத்துக்கு 0 முதல் 5 வரை எண் உண்டு. அசைவே இல்லை 0, தசை துடிப்பது மட்டும் தெரிந்தால் 1, படுக்கையோடு இழுக்க முடிந்தால் 2, படுக்கையிலிருந்து தூக்க முடிந்தால் 3, செவிலியர் கொடுக்கும் எதிர்ப்பைக் கொஞ்சம் தாங்கினால் 4, முழுபலம் 5.

லேசான தளர்ச்சி இதில் தப்பிவிடலாம். அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு கைகளையும் உள்ளங்கை மேலே பார்க்க நீட்டி, கண்ணை மூடச் சொல்வது. தளர்ந்த கை மெல்லக் கீழே இறங்கும், உள்ளங்கை உள்பக்கம் திரும்பும். நோயாளிக்கே அது தெரியாது. கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவருக்கு, தொட்டால் தெரிவது எந்த இடம்வரை என்று மேலிருந்து கீழாகப் பார்த்துக் குறிப்பார்கள். அந்தக் கோடு மேலே ஏறினால் ஆபத்து. அவரைத் திருப்பிப் போடும்போது தலைக்கு ஒருவர் நின்று எண்ணிக் குரல் கொடுக்க, மற்றவர்கள் உடம்பை மரக்கட்டை போல ஒரே நேராகப் புரட்டுவார்கள்.

நாடியும் மூச்சும் சர்க்கரையும்

பி.பி., நாடி, மூச்சு, காய்ச்சல் ஆகியவையும் நரம்பியல் மதிப்பீட்டின் பகுதியே. மண்டைக்குள் அழுத்தம் முற்றும்போது மேல் ரத்த அழுத்தம் ஏறும், நாடி மெதுவாகும், மூச்சு ஒழுங்கு கெடும். அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விளக்கியதால் இதற்குக் குஷிங் அறிகுறிகள் என்று பெயர். இவை மூன்றும் சேர்ந்து தெரிவது கடைசிக் கட்டம். நாடி 60க்கு இறங்கியதைப் பார்த்து ‘அமைதியாகத் தூங்குகிறார்’ என்று நினைப்பது பெரும் பிழை.

குழப்பமாகப் பேசுகிறவர், மயங்கிக் கிடப்பவர், ஒரு பக்கம் தளர்ந்தவர் யாரானாலும் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தாக வேண்டும். மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்த சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை இறங்கினால், அச்சு அசலாகப் பக்கவாதம் போலவே தெரியும். குளுக்கோஸ் ஏற்றினால் நிமிடங்களில் எழுந்து உட்காருவார். கவனிக்காமல் விட்டால் மூளை நிரந்தரமாகப் பழுதாகும்.

பக்கவாதத்தில் கடிகாரம்

பக்கவாதத்தில் செவிலியர் கேட்கும் மிக முக்கியமான கேள்வி எப்போது ஆரம்பித்தது என்பது. காலையில் பார்த்தபோது கை விளங்கவில்லை என்றால், காலை நேரத்தை எழுதக் கூடாது. “கடைசியா எப்ப நல்லா இருந்தாரு? ராத்திரி சாப்பிடும்போது பேசினாரா? நடுவுல எந்திரிச்சாரா?” என்று கேட்டு, கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறிக்க வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும். போடலாமா கூடாதா என்பதை அந்த ஒரு நேரக் குறிப்பு தீர்மானிக்கும். ரத்தக்கசிவு இல்லை என்று ஸ்கேன் காட்டிய பிறகே ஊசி.

“ஈன்னு பல்லைக் காட்டுங்க” என்றால் வாய் ஒரு பக்கம் கோணுகிறதா, இரண்டு கையும் சமமாகத் தூக்க முடிகிறதா, ‘மீனாட்சியம்மன் கோயில் கோபுரம்’ என்று சொல்லச் சொன்னால் நாக்கு குழறுகிறதா, நடையில் தள்ளாட்டம் உண்டா, பார்வை மறைகிறதா என்று வரிசையாகப் பார்ப்பார்கள். பேச்சு நின்றுபோனவரைக் குழப்பத்தில் இருப்பவர் என்று எழுதிவிடக் கூடாது. சொல்வதெல்லாம் புரிந்தும் சொல் வராமல் தவிப்பவர் உண்டு. அவரிடம் கடிகாரத்தைக் காட்டிப் பெயர் கேட்டால் விழிப்பார். “கண்ண மூடுங்க” என்றால் மூடுவார்.

பக்கவாத நோயாளி வந்ததும் வீட்டார் செய்வது வாயில் தண்ணீர் ஊற்றுவது. கொஞ்சம் தெளிந்தால் காபி, கஞ்சி, இளநீர். விழுங்கும் தசையும் தளர்ந்திருந்தால் அது நுரையீரலுக்குப் போய் நிமோனியாவாகும். நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்து, இருமல் வருகிறதா, குரல் நனைந்தது போல் மாறுகிறதா என்று செவிலியர் பார்த்துச் சொல்லும்வரை வாய்வழி எதுவும் கூடாது.

கணக்கு ஏமாற்றும் இடங்கள்

மதுரையைச் சுற்றிய வயற்காடுகளில் நாகப்பாம்பும் கட்டுவிரியனும் உண்டு. இரண்டின் நஞ்சும் நரம்பும் தசையும் சேரும் இடத்தைத் தாக்கும். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல் பதிந்த தடம்கூடத் தெரியாது, வீக்கமும் இருக்காது; விடியற்காலையில் வயிற்றுவலி என்றுதான் வருவார்கள். செவிலியர் பார்க்க வேண்டியது இமை. “மேல பாருங்க” என்று சொல்லி விரலை உயர்த்தினால், இமை தொங்கி நிற்கும். அதன்பின் இரட்டைப் பார்வை, விழுங்கச் சிரமம், தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமை, கடைசியில் மூச்சு என்று தளர்ச்சி மேலிருந்து கீழே இறங்கும். ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று எண்ணச் சொல்லி மணிக்கு மணி குறித்துக்கொண்டால், மூச்சுத் தசை தளர்வது முன்கூட்டியே தெரிந்துவிடும். தமிழ்நாடு அரசு 2024இல் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது.

இங்கே ஜி.சி.எஸ். ஏமாற்றும். முழுவதும் தளர்ந்தவரால் கண் திறக்க முடியாது, பேச முடியாது, விரல்கூட அசைக்க முடியாது. பாவையும் விரிந்து அசையாமல் இருக்கலாம். கணக்குப்படி 3. ஆனால் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டிலருகே பேசுவதெல்லாம் அவருக்குக் கேட்கும், குத்தினால் வலிக்கும். செயற்கைச் சுவாசத்தில் வைத்தால் சில நாட்களில் எழுந்து வீட்டுக்குப் போகக்கூடியவர் அவர். ‘மூளைச்சாவு’ என்ற சொல் அங்கே வரவே கூடாது.

பூச்சிமருந்து குடித்தவருக்குப் பாவையின் நிலை தலைகீழ். பாவை ஊசிமுனையளவு சுருங்கி, வாயில் எச்சில் வடிந்து, நாடி மெதுவாகும். அட்ரோபின் ஏற்றத் தொடங்கியபின் பாவை விரியும். அது மருந்தின் வேலை. எந்த நேரத்தில் எவ்வளவு ஏற்றப்பட்டது என்பது சார்ட்டில் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இன்னொரு பொறி, சாராய வாடை. விழுந்து கிடந்தவரின் வாயில் வாடை வந்ததும் “குடிச்சிருக்காரு, தெளிஞ்சா எந்திரிப்பாரு” என்று ஓரத்தில் படுக்கவைத்துவிடும் பழக்கம் உயிர்களைக் காவு வாங்கியிருக்கிறது. குடித்தவர்தான் தலையில் அடிபட விழுகிறார். அவருக்கும் மண்டைக்குள் ரத்தம் கட்டும். நினைவுக் குறைவுக்கு வேறு காரணமில்லை என்று தெரியும்வரை அவரும் தலைக்காய நோயாளியே.

வலிப்பு வந்தால், கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் அது நிற்பதில்லை. தானாக நிற்கும் நேரத்தில் இரும்பும் கையில் இருந்திருக்கும், அவ்வளவுதான். செவிலியர் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பார்ப்பார். எந்தக் கையில் தொடங்கியது, முகமும் கண்ணும் எந்தப் பக்கம் திரும்பின, எவ்வளவு நேரம் நீடித்தது, நின்றபின் எப்போது பேசினார் என்ற குறிப்பு, மூளையின் எந்தப் பக்கத்தில் கோளாறு என்று மருத்துவருக்கு வழிகாட்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஊசி போட்டு நிறுத்தியாக வேண்டும்.

சார்ட் சொல்லும் கதை

இவ்வளவும் ஒரே தாளில், நேரம் ஒரு வரிசையாகவும் கண்டது ஒரு வரிசையாகவும் வந்து சேரும். இப்படி ஒரு தாளைக் கற்பனை செய்துகொள்ளலாம். பைக்கிலிருந்து விழுந்த முப்பது வயதுக்காரர். இரவு 10 மணி: ஈ4, வி5, எம்6, இரண்டு பாவையும் 3 மில்லிமீட்டர், நாடி 88, பி.பி. 130/80. பத்தரைக்கும் அதே. 11 மணிக்குக் கூப்பிட்டால்தான் கண் திறக்கிறார்; ஈ3, மொத்தம் 14. “இப்பத்தான் கண்ணசந்தாரு, எழுப்பாதீங்க சிஸ்டர்” என்கிறார் அவருடைய அம்மா. தூக்கமும் மயக்கமும் தூரத்திலிருந்து ஒன்றுபோலத்தான் தெரியும். எழுப்பிப் பார்த்தால்தான் வித்தியாசம். தூங்கியவர் எழுந்ததும் தெளிவார். இவர் தெளியவில்லை. 11.30க்கு “எங்க இருக்கீங்க?” என்றதற்கு “மாமா வீட்டுல” என்கிறார், வி4, மொத்தம் 13. வலது பாவை 4 மில்லிமீட்டர், மந்தம். இடது கை நீட்டியதும் இறங்குகிறது. நாடி 64, பி.பி. 160/80.

ஒவ்வொரு எண்ணும் தனியாகப் பார்த்தால் பெரிய மாற்றமில்லை. 13 என்பதே ‘லேசான காயம்’ என்ற வகுப்பில்தான் வருகிறது. வரிசையாகப் பார்த்தால், வலப்பக்கம் ரத்தம் கட்டி மூளையை அழுத்துகிறது என்று தாளே சொல்கிறது. ஒரு மதிப்பெண் குறைந்து அரை மணி நேரம் அப்படியே நின்றாலே மருத்துவரை அழைக்க வேண்டும் என்பது பிரிட்டனின் வழிகாட்டு நெறி. அசைவில் இரண்டோ, கண்ணிலோ பேச்சிலோ மூன்றோ குறைந்தால் காத்திருக்கவே கூடாது. அதே நெறிப்படி, 15க்கு வரும்வரை அரை மணிக்கு ஒரு முறையும், வந்தபின் இரண்டு மணி நேரம் அரை மணிக்கு ஒரு முறையும், அடுத்த நான்கு மணி நேரம் மணிக்கு ஒரு முறையும், பிறகு இரண்டு மணிக்கு ஒரு முறையும் பார்க்க வேண்டும்.

ஷிப்ட் மாறும் நேரம் இந்த வரிசை அறுந்துபோகக்கூடிய இடம். போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து கட்டிலருகே நின்று ஒரு முறை சோதித்துவிட்டால், ‘நேற்று அவர் எழுதிய 12, இன்று நான் எழுதும் 11, இரண்டும் ஒன்றுதானா’ என்ற சந்தேகம் எழாது. தூக்க மருந்து, வலி மருந்து கொடுத்த நேரத்தையும் அதே தாளில் குறிப்பது அதே காரணத்துக்காகத்தான்.

வீட்டுக்குப் போன பிறகு

லேசான தலைக்காயம் என்று வீட்டுக்கு அனுப்பும்போது, இந்தக் கண்காணிப்பு வீட்டாரின் கைக்கு மாறுகிறது. முதல் 24 மணி நேரமாவது அவரைத் தனியாக விடக் கூடாது. குடிக்கவும் வண்டி ஓட்டவும் கூடாது. எழுப்பினால் எழுந்திருக்கச் சிரமப்படுவது, பேச்சில் குழப்பம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கை காலில் தளர்ச்சி, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிதல், ஒரு கண்பாவை பெரிதாகத் தெரிவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் 108ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். வயதானவருக்கும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் ரத்தம் மெல்லக் கசிந்து, வாரங்கள் கழித்துக்கூட மறதியாகவோ தள்ளாட்டமாகவோ தெரியலாம். “வயசாயிருச்சு, அதான்” என்று விட்டுவிடாமல், என்றைக்கு எங்கே விழுந்தார் என்பதை நினைவில் வைத்துச் சொன்னால், மருத்துவமனையில் தொடங்கும் புதிய சார்ட்டின் முதல் வரி அதுவாக இருக்கும்.